தார்ப் பாலைவனத்தில் கொல்லாது காத்த இல்லங்கள்

பாலை என்றவுடன் மணலும் வெயிலும் வெறுமையுமே மனக்கண்ணில் தோன்றும். அத்தகைய நிலத்தில் பூச்சிகளுக்கு என்ன வேலை என்று எண்ணுவோரும் உளர். உண்மை வேறு. இராஜஸ்தானத்தின் மேற்கே பரந்து கிடக்கும் தார்ப் பாலைவனத்தில், ஜெய்சல்மேர்ப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியசைக் கடந்துவிடும். வெளியே நீரும் நிழலும் அரிதாகும்போது, நீர், நிழல், உணவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் மனிதனின் வீடே ஆகும். ஆதலால் தேளும் கரையானும் எறும்பும் வண்டும் எலியும் வீட்டை நாடி வருகின்றன.

1156ஆம் ஆண்டில் இராவல் ஜெய்சல் என்னும் மன்னன் அமைத்த ஜெய்சல்மேரிலும், பின்னர் எழுந்த ஜோத்பூர், பிகானேர் நகரங்களிலும், நாகௌர், பார்மேர் முதலிய ஊர்களிலும் சமணக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்துள்ளன. ஒட்டகச் சாத்துகள் சென்ற வழிகளில் அவர்கள் வணிகம் செய்தனர். அவர்தம் இல்லங்களில் தானியமும் துணியும் கம்பளியும் ஏடுகளும் நிறைந்திருந்தன. இவை அனைத்தும் பூச்சிக்கு இரையாகும் பொருள்களே. பொருளைக் காத்தல் வணிகனின் கடமை. உயிரைக் காத்தல் சமணனின் விரதம். இவ்விரண்டும் முரணும் இடத்தில் அவர்கள் என் செய்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அறநெறி வகுத்த எல்லை

சமண அறநூல்கள் கொலையை நான்காகப் பகுக்கின்றன. கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லறப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோத ஹிம்சை. துறவிக்கு நான்கும் விலக்கு. இல்லறத்தானுக்கு முதலாவது முற்றிலும் விலக்கு. ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் அவன் கடன்.

இவ்வெல்லையிலிருந்து ஒரு நடைமுறை பிறந்தது. பூச்சி வந்தபின் கொல்லக் கூடாது எனின், அது வாராமலும் வீட்டினுள் பெருகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உயிர் தோன்றுவதற்குரிய ஈரம், அழுக்கு, எச்சில் ஆகியவற்றை நீக்கிவிடின் கொல்ல வேண்டிய நிலையே எழாது. இவ்விழிப்பினை யத்னாசாரம் என்பர். அது நாள்தோறும் கையும் கண்ணும் உழைக்க வேண்டிய ஒழுக்கம் ஆகும்.

கல்லும் சுண்ணமும்

பாலைவனத்து வீட்டின் முதற்காவல் அதன் கட்டுமானமே. வாயிற்படிக்கு முன்னே உயர்ந்த கல் திண்ணை அமைந்திருக்கும். தெருவின் மணலும் மணலில் ஊர்வனவும் நேரே உள்ளே புகாதவாறு இத்திண்ணை தடுத்தது. சுவர்களுக்குச் சுண்ணச் சாந்து பூசி வழவழப்பாகத் தேய்த்தனர். தேள் கரடுமுரடான சுவரில் எளிதில் ஏறும். வழவழப்பான பரப்பில் அதன் கால்கள் பற்றா. பிளவற்ற சுவரில் பகற்பொழுதில் ஒளிந்திருக்கவும் அதற்கு இடமில்லை.

கரையானுக்கு மண்ணின் ஈரத்தோடு இடையறாத தொடர்பு வேண்டும். அத்தொடர்புக்காகவே அது மண்குழல் அமைத்துக்கொண்டு மேலேறுகிறது. ஜோத்பூர்ப் பகுதியில் கூரைக்கும் நீண்ட கற்பலகைகளையே பாவினர்; அதனால் கரையானுக்கு உரிய மரம் குறைந்தது. மரம் தேவைப்பட்ட இடங்களில், மார்வாட்டுத் தேக்கு எனப் புகழ்பெற்ற ரோஹிடா மரத்தைக் கதவுக்கும் பெட்டிக்கும் கொண்டனர். வெளிர்நிறக் கல்லின்மீது ஏறும் மண்குழல் பளிச்செனத் தெரியும். தொடங்கிய அன்றே அதைத் தட்டிவிட்டால் கரையான் கூட்டம் வேறு வழி தேடும். பல திங்கள் கழித்துக் கண்டால் உத்தரமே போயிருக்கும்.

சமண இல்லங்களில் பூஞ்சணி என்னும் மென்மையான சிறு துடைப்பம் ஒன்று உண்டு. அடுப்பு மூட்டுமுன் விறகையும் அடுப்பின் உட்புறத்தையும் இதனால் மெல்ல வருடி, ஒட்டியிருக்கும் சிற்றுயிர்களை அகற்றிவிடுவர். அடுப்பின் மேலும் நீர்க்குடங்களின் மேலும் விதானத் துணி கட்டுவர். மேலிருந்து பல்லியோ பூச்சியோ உணவில் வீழாதிருக்க இஃது ஏற்பாடு.

இவற்றோடு இரவுண்ணாமையும் சேர்ந்தது. கதிரவன் மறையுமுன் உணவு முடிந்து, பாத்திரங்கள் கழுவப்பெற்று, அடுக்களை உலர்ந்துவிடும். விளக்கொளிக்கு வரும் விட்டிலுக்கு அங்கே அடுப்பில்லை. இரவில் உலவும் கரப்புக்கு அங்கே எச்சிலில்லை. தமிழ்ச் சமணரை அயலார் இனங்கண்டு கொள்ளும் அடையாளங்களுள் ஒன்றாகிய இவ்விரதம், பாலைவனத்தில் அடுக்களைக் காவலாகவும் விளங்கியது.

குதிரில் இட்ட சாம்பல்

தார் நிலத்தின் முதன்மை உணவு கம்பு. அதனோடு மோட் என்னும் சிறுபயறும் விளையும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் மழை பொய்க்கும் நாட்டில், ஓராண்டின் விளைச்சலைப் பல ஆண்டுகளுக்குச் சேமித்தல் இன்றியமையாதது. விக்கிரம ஆண்டு 1956இல், அதாவது 1899-1900இல், நேர்ந்த பெரும்பஞ்சத்தை மார்வாட் மக்கள் அவ்வாண்டின் எண்ணாலேயே 'சப்பனியா' என்று இன்றளவும் அழைக்கின்றனர். அத்தகைய காலத்தில் குதிரைத் திறந்து பார்க்கும்போது தானியம் உமியாகப் போயிருப்பின், அஃது அக்குடும்பத்தின் உயிருக்கே கேடு.

மண்ணும் சாணமும் குழைத்துக் கட்டிய குதிரைக் 'கோட்டி' என்பர். அதனுள் இடுமுன் தானியத்தைக் கோடை வெயிலில் நன்கு உலர்த்துவர். தானியத்தின் ஈரம் குறையக் குறையப் பெரும்பாலான வண்டுகள் இனம் பெருக்க இயலாமல் விலகும். பின்னர்ச் சலித்த சாம்பலையோ நுண்மணலையோ தானியத்தோடு கலந்து, வேப்பிலை பரப்பி, வாயை மண்ணால் மூடிவிடுவர்.

சாம்பலின் செயல் வியத்தற்குரியது. பூச்சியின் உடலை மெழுகுபோன்ற மெல்லிய படலம் ஒன்று போர்த்தியுள்ளது. உடலின் நீர் வெளியேறாமல் காப்பது அப்படலமே. சாம்பலின் நுண்துகள்கள் அதனைச் சிராய்த்துவிடுகின்றன. காற்று வறண்ட நாட்டில் அதன்பின் பூச்சி விரைவில் உலர்ந்துபோகும். ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இம்முறை இவ்வளவு பயன் தருவதில்லை. பாலைவனத்தின் வறட்சியையே பாலைவனத்தார் தம் காவலாக்கிக் கொண்டனர்.

ஆயினும் இக்காவலுக்கு அடங்காத பகை ஒன்று உண்டு. அது கப்ரா வண்டு. ஏனைய வண்டுகள் தாங்காத வெப்பத்திலும் வறட்சியிலும் அது செழிக்கும். உணவு கிடையாதபோது அதன் புழு, சுவரின் பிளவில் பல திங்களும் ஆண்டும் உறங்கிக் கிடந்து, புதுத் தானியம் வந்தவுடன் எழும். அதனால் ஆண்டுதோறும் குதிரை முற்றிலும் காலி செய்து, பிளவுகளைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகி அடைத்த பின்னரே புதுத் தானியம் இட வேண்டும். இதில் சோர்ந்த வீட்டில் சாம்பலும் வேப்பிலையும் உதவா.

பயறு வகைக்கு வேறு வழிகள் இருந்தன. முழுப்பயறில் முட்டையிடும் வண்டு, உடைத்த பருப்பில் பெருகுவதில்லை. ஆதலின் விரைவில் பருப்பாக உடைத்து வைத்தனர். முழுப்பயறாக வைப்பின் ஆமணக்கெண்ணெயைத் தடவி வைத்தனர். எண்ணெய்ப் பூச்சுள்ள பயற்றின்மேல் வண்டு முட்டையிட விரும்புவதில்லை.

மாவுக்குத் திகம்பர மரபு காலவரை விதித்தது. அரைத்த மாவு குளிர்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள் வரையிலுமே உண்ணத்தக்கது. வெப்பமும் ஈரமும் கூடுந்தோறும் மாவில் உயிர்கள் விரைந்து தோன்றும் என்பதை நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே உணர்ந்து வகுத்த விதி இஃது. மாவு வண்டின் முட்டை வெப்பக் காலத்தில் சில நாட்களிலேயே பொரிந்துவிடும் என்று இக்காலத்தார் கணக்கிட்டுள்ளமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

வடிதுணியும் நரம்புச் சிலந்தியும்

பாலைவனத்து வீட்டில் மழைநீரைச் சேமிக்கும் நிலவறைத் தொட்டியை 'டாங்கா' என்பர். மழைக்கு முன்னர் அதன் நீர்பிடி முற்றத்தைப் பெருக்கித் தூய்மை செய்வர். நீர் புகும் துளைகளுக்குப் பாம்பும் ஓணானும் நுழையாதவாறு கம்பி அமைத்து, வாயினைக் கல்லாலோ மரத்தாலோ இறுக மூடுவர்.

எடுத்த நீரைக் கெட்டித் துணியில் வடித்தே பருகுதல் சமணர் ஒழுக்கம். வடித்தபின் துணியில் தங்கிய சிற்றுயிர்களை அலட்சியமாகக் கொட்டிவிடார். அவை எந்நீரில் பிறந்தனவோ அந்நீரிலேயே மெல்லச் சேர்ப்பர். இதனை ஜீவாணி என்பர்.

இராஜஸ்தானத்தில் 'நாரு' என்றும், தமிழகத்தில் நரம்புச் சிலந்தி என்றும் வழங்கிய நோய் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. படிக்கிணற்றில் நோயாளி கால் நனைக்கும்போது புண்ணிலிருந்து வெளிப்படும் இளம்புழுக்கள், நீரிலுள்ள சைக்ளோப்ஸ் என்னும் சிற்றுயிரின் வயிற்றில் புகும். அந்நீரைப் பருகியவரின் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, நீண்ட நூல் போன்ற புழு காலைத் துளைத்து வெளிவரும். இந்நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் நடுவண் அரசு ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, இராஜஸ்தானமே மிகுதியாக வருந்திய மாநிலங்களுள் ஒன்று. படிக்கிணறுகளில் மக்கள் இறங்காதவாறு தடுத்தலும், குடிநீரைத் துணியில் வடித்தலுமே அத்திட்டத்தின் முதன்மைப் படைகளாயின. இந்தியாவின் இறுதி நோயாளி 1996ஆம் ஆண்டு ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் நாடு இந்நோயினின்று விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. நீரிலுள்ள உயிரைக் காக்க எழுந்த வடிதுணி, நீரைப் பருகும் மனிதனையும் காத்தது.

நிலவறையில் காத்த ஏடுகள்

15ஆம் நூற்றாண்டில் கரதர கச்சத்து ஆசாரியர் ஜினபத்ர சூரி, ஜெய்சல்மேர்க் கோட்டையில் ஞானபண்டாரம் ஒன்றை நிறுவினார். சம்பவநாதர் ஆலயத்தின் கீழுள்ள கல் நிலவறையில் சுவடிகள் வைக்கப்பெற்றன. அங்குள்ள ஓகநிர்யுக்திச் சுவடி 1060ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பனையோலை அழியாதிருந்தமைக்குப் பாலைவனத்தின் வறட்சி ஒரு காரணம். காத்தவர்களின் கை மற்றொரு காரணம்.

ஓலைகளை இரு மரப்பலகைகளுக்கு இடையே வைத்து இறுகக் கட்டினர். கட்டு தளர்ந்தால் இடையில் காற்றும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் புகும். அதனால் ஏடெழுதியோர் பலர் நூலின் முடிவில், நீரிலிருந்தும் எலியிலிருந்தும் தளர்ந்த கட்டிலிருந்தும் இதனைக் காக்க என்று வேண்டி முடித்தனர். கட்டின்மேல் துணி சுற்றி, அதனோடு 'கோடாவஜ்' என்னும் வேரின் பொடியை முடிந்து வைத்தனர். கோடாவஜ் வேறன்று, தமிழ் வீடுகளில் பிள்ளை பெற்ற தாய்மார் அறிந்த வசம்பே அது. தமிழகத்தில் ஏடு காத்தோரும் இதனையே கையாண்டனர். நீர்வளம் மிக்க சதுப்பில் வளரும் வசம்பு, வணிகர் வழியே பாலைவனம் சென்று, ஓலைக்குக் காவலாயிற்று.

1874ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் பியூலரும் யாக்கோபியும் இப்பண்டாரத்தைக் கண்டனர். 1950-51ஆம் ஆண்டுகளில் முனி புண்ணியவிஜயர் அங்குத் தங்கிச் சுவடிகளைச் சீர்ப்படுத்தினார். அவர் தொகுத்த பட்டியல் 1972இல் அகமதாபாத்தில் வெளியாயிற்று.

சுவடி காத்தலுக்குச் சமணர் நாளும் குறித்தனர். சுவேதாம்பர மரபில் தீபாவளியை அடுத்து வரும் கார்த்திக மாத வளர்பிறைப் பஞ்சமி, ஞான பஞ்சமி ஆகும். அன்று சுவடிகளை வெளியே எடுத்துத் தூசி தட்டி, காற்றாட வைத்து, துணி மாற்றி, வழிபட்டு மீண்டும் வைப்பர். திகம்பர மரபில் ஜ்யேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமி, சுருத பஞ்சமி ஆகும். பூதபலி, புஷ்பதந்தர் ஆகிய ஆசாரியர்களின் ஷட்கண்டாகமம் நிறைவுற்ற நாளாக அது போற்றப்படுகிறது. ஒன்று மழைக்காலம் முடிந்தபின் வருகிறது. மற்றொன்று மழைக்காலம் தொடங்குமுன் வருகிறது. ஈரம் வருமுன் ஒருமுறையும், ஈரம் போனபின் ஒருமுறையும் ஏட்டைத் திறந்து பார்த்தலே அதனைக் காக்கும் வழி. திருநாளாக வைத்தமையால் மறதிக்கு இடமில்லாது போயிற்று.

நீர் வந்தபின்

1958ஆம் ஆண்டில் இராஜஸ்தான் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. இந்திரா காந்தி கால்வாய் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற இது, இமயத்து ஆற்றுநீரைச் சுமந்து 649 கிலோமீட்டர் கடந்து, 1980களின் பிற்பகுதியில் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டியது. பல தலைமுறைகள் கனவு கண்ட நீர் வந்தது, பசுமையும் வந்தது. அதனோடு கசிவும் தேக்கமும் கொசுவும் வந்தன. வறட்சியை நம்பி அமைந்திருந்த காவல்கள் பல தளர்ந்தன.

குழாய் நீர் வந்த ஊர்களில் டாங்காக்கள் கவனிப்பாரற்றுப் போயின. மூடி உடைந்த டாங்காவில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு எளிதாக இனம் பெருக்கும். 1994ஆம் ஆண்டு வழக்கத்துக்கு மாறான பெருமழை பெய்தபின், பார்மேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், பிகானேர்ப் பகுதிகளில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கவர்ந்தது. 1953 முதலே வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கும் திட்டம் நாடெங்கும் இருந்தது. அதனால் மலேரியா பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால் கொசுக்கள் அம்மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றன. 1976இல் நாட்டில் நோயுற்றோர் 64 இலட்சத்தைக் கடந்தனர். மருந்து மட்டும் போதாது, நீர்நிலையை மூட வேண்டும் என்பதை அவ்வாண்டுகள் கற்பித்தன.

ஜெய்சல்மேர்க் கோட்டையும் நீரால் துன்புற்றது. அளவாக நீர் பயன்படுத்திய காலத்துக்கு ஏற்ற வடிகால்கள், குழாய் நீரும் விடுதிகளும் பெருகியபின் தாங்கவில்லை. கழிவுநீர் குன்றினுள் கசிந்து மண்ணை நெகிழ்த்தியது, மதிற்பகுதிகள் சரிந்தன. 1996ஆம் ஆண்டில் உலக நினைவுச்சின்னக் காப்பு நிதியம், அழிவை எதிர்நோக்கும் சின்னங்களின் பட்டியலில் அக்கோட்டையைச் சேர்த்தது. ஏடுகளைப் பல நூற்றாண்டுகள் காத்த குன்று, தானே ஈரத்துக்கு அஞ்ச வேண்டியதாயிற்று.

எஞ்சும் வினா

இவ்வரலாற்றைப் படிப்போர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சாம்பல் கலந்த குதிரில் புகும் வண்டு உலர்ந்து மடியத்தானே செய்யும்? மடியும், அதனை மறைப்பதற்கில்லை. முன்னோர் அதனை அறிந்தே, வண்டு புகுமுன் தானியத்தை உலர்த்திச் சாம்பலிட்டு வாயை மூடினர். காலம் தாழ்த்தியவன் வீட்டில் நூறாயிரமாகப் பெருகி மடிவன, காலத்தில் செய்தவன் வீட்டில் பிறப்பதே இல்லை. கொசுவுக்கும் இஃது ஒக்கும். டாங்காவை மூடாது விட்டு, பின்னர் நோய்க்கு அஞ்சி நஞ்சு தெளிப்போன், மூடியிருந்தால் செய்ய வேண்டாத கொலையைச் செய்கிறான். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது இல்லறத்தான் மருந்து தெளித்தலை அறநூல் சங்கல்ப ஹிம்சை எனக் கொள்ளாது. ஆனால் அந்நிலை வரும்வரை சோர்ந்திருந்தமை அவன் கணக்கில் சேரும்.

தமிழ்ச் சமணர் வாழும் நிலம் பாலையன்று. நெல்லும் நிலக்கடலையும் விளையும் நிலம். வடக்கே நாகௌரில் பட்டாரகர் பீடத்துச் சுவடிச் செல்வம் காக்கப்பெற்றது போலவே, தெற்கே மேல்சித்தாமூர் மடத்திலும் ஏடுகள் காக்கப்பெற்றன. இரவுண்ணாமையும் நீர் வடித்தலும் வசம்பும் சுருத பஞ்சமியும் இருநிலத்தார்க்கும் பொது. தமிழகத்தின் காற்றில் ஈரம் மிகுதி; ஆதலின் இங்கே விழிப்பு இரட்டிப்பாக வேண்டும். நகரத்து அடுக்குமாடி வீட்டில் இரவெல்லாம் கழுவாத பாத்திரத்தை விட்டுவைத்து, காலையில் நஞ்சுப்புட்டியை எடுக்கும் வழக்கம் இக்காலத்தில் சமணர் இல்லங்களிலும் புகுந்துவருகிறது. அந்தியில் அடுக்களையை உலர்த்தி மூடிய பாட்டிமார்க்கு அப்புட்டி தேவைப்பட்டதில்லை.

சில இல்லங்களில் இன்றும் பரண்மேல் பழைய ஏட்டுக்கட்டுகளும் அச்சு நூல்களும் உள்ளன. வரும் சுருத பஞ்சமிக்குச் சில நாள் முன்னதாக அவற்றை இறக்கி, கட்டவிழ்த்து, நிழலில் காற்றாட வைத்து, வசம்பு முடிந்து, இறுகக் கட்டி வைத்தல் அரைநாள் வேலை. இளையோரையும் அருகில் இருத்திச் செய்தால், அடுத்த ஆண்டு அவர்களே ஏணி எடுத்து வருவர்.